போங்க என்று அனுப்பிய வண்டி

ஓகுராசாவா பூங்காவின் ரோலர் கோஸ்டர், பூங்கா மூடப்பட்ட மார்ச் ஞாயிற்றுக்கிழமை மாலை கடைசித் தடவையாகக் கிளம்பிப் போனது. இருபத்திரண்டு வருஷம் திரும்பி வரவில்லை. தண்டவாளம் மலைச்சரிவில் ஒரு வட்டம், அவ்வளவுதான். ஏறி இறங்கி, கிளம்பிய மேடைக்கே வந்து சேர வேண்டியது. வண்டியில் இருந்தது ஒரே ஆள், அதைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் நொபுஹிசா. மைக்கைப் பிடித்து அனுப்பிவைத்தவள் அவன் மனைவி மிட்சுயோ.

அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி கிளம்பும்போது மேடையில் நிற்பவர்கள் கையாட்டி, "போயிட்டு வாங்க" என்பார்கள். திரும்பி வந்தால், "வந்துட்டீங்களா, வாங்க." வீட்டு வாசலில் சொல்வதுதான். மிட்சுயோ இருபது வயதிலிருந்து அதைச் சொல்லிச் சொல்லி, தூக்கத்திலும் சொல்வாள். அன்று காலை வீட்டில் சண்டை. ஹமானே கடற்கரையில் ஒரு பூங்கா மட்டும் எப்படியோ தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தது. அங்கே வேலை தருகிறார்கள், போய்விடலாம் என்றான் அவன். பிறந்த ஊரை விட்டு ஓர் அடி நகர மாட்டேன் என்றாள் இவள். மாலையில் அவன் வீம்புக்கு வண்டியில் ஏறி உட்கார்ந்து, "ஒரு சுத்து சுத்திட்டு வர்றேன், அதுக்குள்ள மூட்டையக் கட்டி வை" என்றான். மைக் கையில் இருப்பதை மறந்து, "போங்க, ஒரேயடியாப் போங்க" என்றாள் மிட்சுயோ. பூங்கா முழுக்கக் கேட்டது. வண்டி சொன்னபடி செய்தது.

தேடினார்கள். தீயணைப்புக்காரர்கள் தண்டவாளத்தின் மேல் நடந்தே பார்த்தார்கள். மேடையில் தொடங்கி மேடைக்கே வந்து சேர்ந்து, கால் கடுக்கிறது என்று வீட்டுக்குப் போனார்கள். ஆனால் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பகலில் நாலைந்து முறை தண்டவாளம் தடதடக்கும். காக்கைகள் முன்கூட்டியே எழும்பிப் பறந்துவிடும். வெறும் காற்று வேகமாகக் கடந்துபோகும், அதற்குள்ளிருந்து நொபுஹிசாவின் தும்மல் வரும். தேவதாரு மகரந்தம் பறக்கும் மார்ச்சில் அவனுக்கு எப்போதும் தும்மல்தான். இப்போது ஆகஸ்டிலும் தும்மினான், இடுப்பளவு பனியிலும் தும்மினான். ஊர் பழகிக்கொண்டது. சாயங்காலத் தும்மல் கேட்டதும் அரிசி களைவது என்று சில வீடுகளில் ஏற்பாடு.

மிட்சுயோவுக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. காய்கறிக் கடையில் வேலை பார்த்தாள். தடதடப்பு கேட்டால் முள்ளங்கியை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். "போயிட்டு வாங்க, வந்துடுங்க" என்று தண்டவாளத்துக்கு அடியில் நின்று ஆயிரம் முறை மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். சொல்லியதை விழுங்க முடியுமா. ராட்டினக் குதிரைகள் மேல் காட்டுக்கொடி படர்ந்தது, டிக்கெட் கொட்டகைக்குள் கரடி குட்டி போட்டது, தண்டவாளம் மட்டும் பளபளத்தது. துருவைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, மூங்கில் புதரை வெட்டிக்கொண்டே இருந்தாள். அவன் வருவதற்கு வழி வேண்டாமா என்பதுதான் அவள் கவலை.

கடைசியில் ஊராட்சி அந்த இடத்தைச் சோலார் தகடு போடுகிறவர்களுக்கு விற்றது. இரும்பை வெட்டி அள்ள குகிமோட்டோ என்ற காண்டிராக்டர் வந்தான். மிட்சுயோ தண்டவாளத்தின் மேல் ஏறி நின்றுகொண்டாள்.

"அக்கா, இறங்குங்க. வயசான காலத்துல இதென்ன."

"என் புருஷன் இதுலதான் வரணும். நீ வெட்டிட்டா எதுல வருவாரு?"

குகிமோட்டோ கெட்டவன் இல்லை. தும்மல் கேட்டபோது ஹெல்மெட்டைக் கழற்றிக் கும்பிட்டான். ஆனால் வாரம் முழுக்க ஆட்கள் சும்மா உட்கார்ந்திருக்க, அவனுக்கும் பொறுமை போனது.

"இத்தனை வருஷமா வழி இருக்கே, வந்தாரா? இது சுத்துறதுக்கு வழி, வீட்டுக்கு எங்க வழி? நீங்க தொடச்சுத் தொடச்சு வைக்கிறீங்க, அவரு வழுக்கி வழுக்கிச் சுத்துறாரு."

அவனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். அந்தப் பேச்சு சோற்றில் கல்லாக நெருடியது. குகிமோட்டோ சொன்னது சரியென்றால், புருஷனைத் திரும்ப விடாமல் வைத்திருந்தது அவள் கைதான். தப்பென்றால், அந்தத் தும்மலும் போய்விடும். இரண்டுக்கும் பயந்தாள். காலையில் போய், "வெட்டு" என்றாள்.

"அக்கா, யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"ஏதாவது ஆனா என் தலையில. வெட்டுப்பா."

மேடைக்குச் சற்று முன்னால், புல்தரையைத் தொட்டுக்கொண்டு போகும் இடத்தில் வெட்டினார்கள். சுற்றுவதற்கு வட்டம் இல்லாமல் போனதும் வண்டி வந்தது. நீலப் பெயின்ட் அப்படியே மின்ன, வெட்டிய முனையைத் தாண்டிப் புல்லில் இறங்கி நின்றது. நொபுஹிசா பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினான். அதே முப்பத்தாறு வயது. காடாகிப்போன பூங்காவைப் பார்த்தான், இரும்பு வெட்டும் மஞ்சள் இயந்திரத்தைப் பார்த்தான், பிறகு நரைத்த தலையோடு நிற்கும் ஐம்பத்தாறு வயதுக்காரியைப் பார்த்து, பதறிப்போய் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினான்.

"அத்தை, நீங்களா? இவ்வளவு மேடு எதுக்கு ஏறி வந்தீங்க?" என்றவன், குரலைத் தாழ்த்திக் கேட்டான். "மிட்சுயோ ரொம்பக் கோவமா இருக்காளா?"

மிட்சுயோ தன் அம்மாவின் குரலை வரவழைத்துக்கொண்டாள்.

"இல்ல மாப்பிள்ளை," என்றாள். "அவ கோவமெல்லாம் எப்பவோ போயிடுச்சு."

உண்மை அன்று சாயங்காலமே அவனுக்குத் தெரிந்துவிட்டது, பழகத்தான் நாளாகிறது. இப்போது இருவரும் ஹமானேயில் இருக்கிறார்கள். அவள் எதிரே கால் நீட்டி உட்கார அவனுக்கு இன்னும் கூச்சம். பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்கு முன் ஒரு முறை தொண்டையைச் செருமிக்கொள்கிறான்.