சண்டை ஃபோல்டர்

போட்டோவில் வரக்கூடாத ஆள் ஒருவராவது இல்லாமல் கல்யாணம் நடக்காது என்பது ஏழு வருஷத் தொழிலில் பிரேமலதா தெரிந்துகொண்ட விஷயம். மேளம் இல்லாத கல்யாணத்தைக்கூட அவள் பார்த்திருக்கிறாள், அப்படி ஒரு ஆள் இல்லாத கல்யாணத்தைப் பார்த்ததில்லை. ஒரு வீட்டில் தாய்மாமன், இன்னொரு வீட்டில் மாப்பிள்ளையின் பழைய சிநேகிதி. உல்லாஸ்நகரில் ஒரு தடவை சமையல்காரர். அதனால் மும்பை தாராவியில், பூட்டுக்கடைக்கு மேலே இருக்கும் தங்கள் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் காசியாத்திரை, முகூர்த்தம், ஊஞ்சல் என்று ஃபோல்டர் போடும்போதே, கையோடு 'சண்டை' என்றும் ஒன்று போட்டுவிடுவாள். ஆகாத ஆள் தலைகாட்டும் படமெல்லாம் அதற்குள் போய்விடும்.

படம் எடுப்பது அண்ணன் ஹரி. எடுத்ததைப் பிரித்து ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுவது அவள். ஹரி ஒரு தடவை மவுஸால் இழுத்துப்போடப் போய்க் கை நழுவ, பாண்டுப்காரர் ஒருவரின் முகூர்த்தம் முழுக்க வேறு வீட்டு மஞ்சள் நீராட்டுக்குள் போய் விழுந்தது. அன்றோடு மவுஸுக்கு விடை கொடுத்துவிட்டு, கறுப்புத் திரையில் கட்டளை எழுத ஆரம்பித்தாள். ஆர்சிங்க் என்று பெயர். இந்த ஃபோல்டரிலிருந்து அந்த டிஸ்க்குக்கு எது போகலாம், எது போகக்கூடாது என்று எழுதிக் கொடுத்தால் சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. மனிதர்களிடம் அவள் இந்தக் குணத்தைக் கண்டதில்லை.

மாதுங்காவிலிருந்து முதல் ஆர்டர் அந்த ஏழாம் வருஷம்தான் வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து ரிடையர் ஆன ஜகந்நாதனின் மூத்த பெண் ஸ்ரீலேகா கல்யாணம். தாராவி ஸ்டுடியோவா என்று மாதுங்காவில் மூக்கைச் சுளித்தவர்கள் உண்டு. இந்த ஒரு வீடு நல்லபடியாகச் சொன்னால் அந்தத் தெரு முழுக்கக் கதவு திறக்கும், இந்த ஒரு வீட்டில் பெயர் கெட்டால் மறுபடி கூப்பிட நாதியில்லை. அது பிரேமலதாவுக்கு நன்றாகத் தெரியும்.

கல்யாணம் முடிந்த நாலாம் நாள் ஜகந்நாதனே இரும்பு ஏணியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, ஸ்டுடியோவுக்கு ஏறி வந்தார்.

"செம்பூர்ல என் தம்பி வேங்கடசுப்ரமணியன் இருக்கான். ஒன்பது வருஷமா பேச்சு கிடையாது. கூப்பிடாமலே கல்யாணத்துக்கு வந்து நின்னான். அவன் மூஞ்சி ஒண்ணுகூட டிஸ்க்ல வரப்படாது."

"அழிச்சிரட்டுமா சார்?"

"அழிக்கப்படாது!" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழே பூட்டுக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்தார். பிறகு குரல் இறங்கியது. "அதை மட்டும் தனியா ஒரு பென் டிரைவ்ல போட்டு எங்கிட்ட குடு. ஆத்துல யாருக்கும் தெரிய வேண்டாம்."

கோர்ட்டுக்குப் போகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அவளை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி, அவரே உட்கார்ந்து முப்பத்தொரு படங்களைப் பொறுக்கிச் சண்டையில் போட்டார். அரைமணி வேலைக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். அவள் திரும்பி வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுகூட வராது சார். என் பொறுப்பு" என்றாள் பிரேமலதா.

வழக்கமாக அவள் எழுதுவது ஒரே விதிதான், சண்டையை விடு என்று. ஆனால் ஜகந்நாதன் வீட்டு டிவிக்கு வீடியோவும் கேமராவின் பெரிய ஃபைல்களும் ஆகாது, சாதாரணப் படங்கள் மட்டும் போதும் என்றார்கள். அதற்காக இரண்டு விதிகளைப் புதிதாக மேலே எழுதினாள். எல்லா ஃபோல்டரும் வரட்டும், எல்லாப் படமும் வரட்டும். அதற்குக் கீழே சண்டையை விடு. கடைசியில் மற்ற எல்லாவற்றையும் விடு. நிஜமாக ஏற்றுவதற்கு முன் ஒத்திகை பார்ப்பதும் அவள் வழக்கம். எதெல்லாம் போகும் என்று பட்டியல் மட்டும் வரும், எதுவும் போகாது. டிஸ்க் கொடுக்க வேண்டிய அன்று காலையும் பார்த்தாள். இரண்டாயிரம் வரிக்கு மேல் ஓடியது. ஹரி வாசலில் நின்று ஹெல்மெட்டால் கதவைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"ஏட்டி, இன்னும் என்ன செய்த? அங்க சொந்தக்காரங்க எல்லாம் வந்து காத்துக் கெடக்காக."

"இந்தா ஆச்சு, டென்ஷன் நை லேனேகா" என்று மும்பை இந்தியில் அவனைச் சமாதானப்படுத்தி, முதல் இருபது வரியை மட்டும் பார்த்துவிட்டு டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தாள்.

அவன் போய் முக்கால் மணி கழித்துப் பென் டிரைவ் வேலையை எடுத்தாள். முப்பத்தொரு படமும் அதில் ஏறியது. முன்பு எழுதிய கட்டளை ஒன்று வேண்டும் என்று கீபோர்டில் மேல்நோக்கும் அம்புக்குறியை அழுத்தினாள். காலையில் எழுதியது திரையில் வந்தது. அப்போதுதான் விதிகளின் வரிசை கண்ணில் பட்டது.

ஆர்சிங்க் விதிகளை மேலிருந்து கீழே படிக்கும். முதலில் எது பொருந்துகிறதோ அதோடு நிறுத்திவிடும், கீழே என்ன எழுதியிருந்தாலும் பார்க்காது. எல்லா ஃபோல்டரும் வரட்டும் என்று வாசலிலேயே சொல்லியாகிவிட்டது. சண்டையும் ஒரு ஃபோல்டர்தானே, கும்பிட்டுவிட்டு உள்ளே போயிருக்கும். ஒன்பது வருஷப் பகை முப்பத்தொரு படமாக ஹரியின் பைக்கில் ஏறி மாதுங்கா போய்விட்டது.

லேப்டாப்பையும் பென் டிரைவையும் பையில் திணித்துக்கொண்டு டாக்சி பிடித்தாள். போகும் வழியிலேயே புதுக் கட்டளையை எழுதினாள். சண்டையை விடு என்பதை மேலே ஏற்றினாள். அது மட்டும் போதாது. ஏற்கெனவே டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிட்டதை, விடு என்று சொன்னால் அங்கேயே விட்டுவிடும். விலக்கியதையும் அழி என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொன்னாள். டிஸ்க் இரண்டு நிமிஷம் கையில் கிடைத்தால் போதும், மானம் பிழைத்துவிடும்.

ஹரி டிஸ்க்கைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டிருந்தான். ஜகந்நாதன் வீட்டு ஹாலில் பதினைந்து பேர் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். தாலி கட்டி முடிந்து ஊஞ்சல் ஓடிக்கொண்டிருந்தது. டிவிக்கு சாஸ்திரம் தெரியாது, இங்கிலீஷ் எழுத்து வரிசைதான் தெரியும். ஃபோல்டர் பெயர்களை அவள் இங்கிலீஷ் எழுத்தில்தான் வைத்திருந்தாள், அந்த வரிசையில் ஊஞ்சலின் O-வுக்கு அடுத்தது சண்டையின் S.

"மாமி, டிஸ்க்ல ஒரு சின்னக் கோளாறு. ரெண்டே நிமிஷம், சரி பண்ணித் தாரேன்."

ஜகந்நாதனின் மனைவி விஜயலக்ஷ்மி ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். "ஊஞ்சல் முடியட்டும்மா. வெயில்ல வந்திருக்கே, மொதல்ல காப்பியைக் குடி."

காப்பி வந்தது. மாதுங்கா உபசாரத்தைத் தாண்டி யாரும் எதையும் அழித்துவிட முடியாது. டபரா ஒரு கையிலும் லேப்டாப் மடியிலுமாக அவள் உட்கார்ந்திருக்க, ஊஞ்சல் முடிந்து, டிவியில் கொட்டை எழுத்தில் சண்டை என்று வந்தது.

"இதென்ன, சண்டையா? யார் வெச்ச பேரு?" என்றார் பின்னாலிருந்து ஒரு மாமா.

மண்டப வாசலில் பரிசுப் பொட்டலத்தோடு வேங்கடசுப்ரமணியன். பந்தியில் வேங்கடசுப்ரமணியன். ஹாலில் எல்லாரும் ஜகந்நாதனைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜகந்நாதன் எழுந்துவிட்டார். ரிமோட்டுக்குக் கை நீட்டுவதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது.

மண்டபத்தின் பின்புறம், காலிப் பால்கேன்களுக்குப் பக்கத்தில், ஜகந்நாதன் தம்பியின் தோளில் முகம் புதைத்து, வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தார். தம்பியின் ஒரு கை அண்ணன் முதுகில். இன்னொரு கையில் பாதி கடித்த ஜாங்கிரி.

ஜகந்நாதன் பிரேமலதாவைப் பார்த்தார். "ஒண்ணுகூட வராதுன்னியேம்மா."

"வரிசை மாத்தி எழுதிட்டேன் சார். என் தப்புதான்." அவளுக்கு அவமானமாக இருந்தது. மாதுங்கா போயிற்று என்று மனதுக்குள் எழுதிக்கொண்டாள்.

"நிறுத்திடு விஜயா" என்றார் அவர்.

"அப்படியே இருக்கட்டும்" என்றாள் விஜயலக்ஷ்மி. குரல் உயரவில்லை, ஆனால் ரிமோட்டை அழுத்தி அந்தப் படத்தைத் திரையிலேயே நிறுத்திவைத்தாள். "உங்க தம்பி ஆம்படையா பத்மஜாவும் நானும் ஒரே வருஷம் இந்தக் குடும்பத்துக்கு வந்தோம். ஓர்ப்படின்னா நான் அவளை நினைச்சேன்? கூடப்பிறந்தவளாட்டம் இருந்தோம். உங்க தம்பியோட உங்களுக்குச் சண்டை, நான் அவகூட பேசப்படாதுன்னேள். அவ அம்மா போனப்போகூட என்னை விடலை. மானம் போயிடும்னேள். ஒன்பது வருஷம் வாயை மூடிண்டு இருந்தேன். நீங்க மட்டும் பால்கேன் பக்கத்துல தோள்ல சாஞ்சுண்டு அழலாமா?"

அவர் மறுபடி உட்கார்ந்தார். அவருக்குப் பயம் தம்பியிடமும் இல்லை, கோர்ட் விவகாரமும் இல்லை. இந்தக் கேள்வியைத்தான் முப்பத்தொரு படமாகப் பொறுக்கி ஒளித்து வைத்திருந்தார் என்பது பிரேமலதாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

விஜயலக்ஷ்மி செல்போனை எடுத்தாள். பெயரைத் தேடவில்லை, நம்பரை மனப்பாடமாகவே அழுத்தினாள்.

"பத்மஜா, நான்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கிளம்பி வா. அவர் கூப்பிடலை, நான் கூப்பிடறேன்" என்றாள்.

போனை வைத்ததும் பிரேமலதா பக்கம் திரும்பினாள். "அந்தப் படமெல்லாம் பத்மஜாவுக்கும் வேணும்மா. ஒண்ணு போட்டுத் தர முடியுமா?"

மறைத்து இனி என்ன ஆகப்போகிறது என்று பிரேமலதா பையிலிருந்து பென் டிரைவை எடுத்து நீட்டினாள். "இதுல அது மட்டும்தான் இருக்கு மாமி. சார் தனக்குன்னு கேட்டிருந்தாரு."

விஜயலக்ஷ்மி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள். கோபம் போகவில்லை, ஆனால் அது கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தது.

"இதை எதுல போட்டுப் பார்க்கறதா இருந்தேள்? கம்ப்யூட்டரை ஆன் பண்ணிக் குடுக்கவே நான்தானே வரணும்?"

ஜகந்நாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மடியிலிருந்த லேப்டாப்பில் எழுதி வைத்த கட்டளையைப் பிரேமலதா ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, ஆறிப்போன காப்பியைக் குடித்து முடித்து எழுந்தாள்.

"தை மாசம் சின்னவ வந்தனாவுக்குக் கல்யாணம்" என்றாள் விஜயலக்ஷ்மி வாசல்வரை வந்து. "உங்க அண்ணாவையும் கூட்டிண்டு நீங்கதான் வரணும்."

மாதுங்கா போயிற்று என்று எழுதியதைப் பிரேமலதா மனதுக்குள் அடித்துவிட்டாள். இருந்தாலும் தொழில் தொழில்தான்.

"சண்டை ஃபோல்டர் ஒண்ணு போடணுமா மாமி?"

விஜயலக்ஷ்மி உள்ளே திரும்பிப் பார்த்தாள். டிவியில் ஜாங்கிரியும் கண்ணீரும் அப்படியே நின்றுகொண்டிருக்க, அதன் முன்னால் ஜகந்நாதன் யார் பக்கமும் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"போடு" என்றாள். "இப்போதைக்கு இவர் ஒருத்தர்."