தென்மேற்கில் ஒற்றைத் தென்னை

மலையாள நாட்டு நேமத்தில் கோமதிநாயகம் வீட்டு மதில் அவ்வளவு உயரமில்லை. அதனால் அங்கே ஃபெங்சூயி எனும் சீன வாஸ்து முறையில் தோட்டம் போடப்போகிறார்கள் என்ற செய்தி, அவர் சம்சாரம் மாடம்மாளுக்கு எட்டும் முன்பே தெருவுக்கு எட்டிவிட்டது.

மருமகள் நீது வரவழைத்த தோட்டக்காரர் கைலாஷ் திசைகாட்டியும் டேப்பும் வரைபடமுமாக வந்து இறங்கினார். வடக்கே மீன்குளம், தொழிலுக்கு. கிழக்கே மூங்கில், ஆரோக்கியத்துக்கு. கோமதிநாயகத்தின் முட்டுவலியை மூங்கில் என்ன செய்துவிடும் என்று தெருவில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

தென்மேற்கு மூலையில் ஒற்றைத் தென்னை, அடியில் கல்விளக்கு. அது தாம்பத்திய மூலை, அங்கே எதுவும் ஒற்றையாக நிற்கக் கூடாது, பக்கத்தில் ஜோடியாக இன்னொன்று வேண்டும் என்றார் கைலாஷ். நீது தென்னம்பிள்ளையைக் கையோடு வாங்கி வைத்திருந்தாள்.

அந்தத் தென்னைதான் அம்மிணி, கோமதிநாயகத்தின் முதல் சம்சாரம். மலையாளத்துக்காரி. அவள் இறந்ததும் அவளுடைய ஆட்கள் தங்கள் வழக்கப்படி வீட்டு வளாகத்திலேயே அவளை எரித்து, அந்த இடத்தில் தென்னம்பிள்ளை வைத்தார்கள். அவள் விட்டுப்போன ஒன்றரை வயது அனூப்பை வளர்க்கத்தான் சங்கரன்கோவில் பக்கமிருந்து மாடம்மாள் வந்தாள். முப்பத்தோரு வருஷமாக அந்த மண்ணைக் கூட்டி விளக்கேற்றுவது அவள்தான். சக்களத்திக்கு இத்தனை சேவகமா என்று தெரு கேட்காமல் இல்லை. தென்னைக்கு வலப்பக்கத்து ஆறடியைத் தனக்கென்று மனதில் குறித்து வைத்திருந்ததை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

கைலாஷ் அந்த ஆறடியில்தான் மண்வெட்டியை ஊன்றினார்.

"அவிட வேண்டாம் மோனே," என்றார் நாற்காலியில் இருந்த கோமதிநாயகம். "அது எனக்கு உள்ள எடம்."

அந்தக் கல்விளக்கு எதற்கென்று கைலாஷுக்கு அப்போதுதான் புரிந்தது. பின்வாங்கிச் செருப்பைக் கழற்றினார்.

"அப்போ எனக்கு எங்க?" என்று கேட்டாள் மாடம்மாள்.

அவர் அதை யோசித்ததே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "ஒன்ன ஒங்க ஊருக்குல்லா கொண்டு போவாங்கன்னு நெனச்சேன்."

ஊரில் அவளுக்கு இருந்தது ஒரே தம்பி. அவனும் போய் ஏழு வருஷமாகிறது. மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றவர்களுக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது.

மாடம்மாள் அழவில்லை. கைலாஷிடமிருந்து டேப்பை வாங்கிக்கொண்டு தென்னைக்கு மறுபக்கம் போனாள். அங்கே கல் இருக்கை போட்டு வரைந்திருப்பதாக அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அத வேற எங்கயாவது போடுங்க தம்பி. அவ நடுவுல கெடக்கட்டும், பிள்ளைய என் கையில விட்டுட்டுப் போனவ. நான் இந்தப் பக்கம்."

டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்தது. நீது நகரவில்லை. கோமதிநாயகம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். மெல்லக் குனிந்து முனையைத் தென்னையடியில் வைத்து அழுத்தினார்.

"ஆறு," என்றாள்.

"வேரு தட்டும். இன்னும் ஒரடி தள்ளிக்கோ."

அவள் தள்ளிக்கொண்டாள்.