தண்ணீர் இறங்கும் நேரம்

கோவிந்தசாமி வேட்டியின் நுனியை இரண்டாக மடித்து, மண் கரைத்த நீரைத் தம்ளருக்குள் வடிகட்டினார். அண்ணாகிராமத்து முந்திரிக் கொல்லையின் மண். விடியற்காலைப் பேருந்தில் சென்று, சிதம்பரத்துக்கு அவரே எடுத்து வந்திருந்தார்.

"பாலும் ஊத்தியாச்சி. மூணு நாளா கண்ண மூடாம இழுத்துகிட்டு கெடக்குறாரு. கொல்லைய வித்ததுதான் அண்ணி அவரு மனசுல நிக்குது. மண்ணாசைய தீத்துதான் அனுப்பணும்."

கணவருடைய தம்பி செய்வதில் பிழை காண ஞானாம்பாளுக்கு உரிமை உண்டு, விருப்பம் இல்லை. கணவர் தங்கராசுவின் உதட்டில் மூன்று சொட்டு விழுந்தது. செந்நிறக் கோடொன்று மோவாய்வரை இறங்கியது. அவள் அதைத் துடைத்தாள். மூச்சு முன்போலவே இழுத்தது. கண்கள் ஜன்னலைவிட்டு அகலவில்லை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மதில் மட்டுமே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்களேன் சித்தப்பா" என்றான் மகன் செந்தமிழ்செல்வன்.

"இது என்னா ஹார்லிக்ஸாடா, ஊத்திகிட்டே இருக்க?"

கொல்லையை விற்ற அன்று தங்கராசு வழக்கத்தைவிட இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார். அது அவளுக்கு மட்டும் தெரியும்.

திருமணமான மறு வருடம் அவர் அந்தமானுக்குச் சாலை அளக்கும் வேலைக்குப் போனார். ஞாயிறுதோறும் ஆளில்லாத மேற்குக் கரையில் பாறை பாறையாகத் தாவி நடந்தார். கடல் வற்றியதும் இறங்கி, ஏறுவதற்கு முன் திரும்பிவிட வேண்டும். ஒவ்வொரு வாரமும் கடலுக்குள் நீளும் பாறைமுனை ஒன்று அதிகம். காடு அலையைத் தொட்டு நிற்கும் இடம், கடல் புகுந்து மூச்சு விடும் குகை, நண்டும் ஏறாத வழுக்குப் பாறை எல்லாம் இன்லண்டு கடிதங்களில் வந்தன. அவளைப் பற்றிய விசாரிப்பு கடைசி வரியில் வந்தது. ஐந்தாம் முனையைச் சுற்றுவதற்குள் தண்ணீர் ஏறிவிட்டது, அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று மழைக்காலம் முடிந்ததும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்துக்குத்தான் அவள், 'தனியாக இருக்க முடியவில்லை, வந்துவிடுங்கள்' என்று பதில் எழுதினாள்.

வந்துவிட்டார், ஒரு கறுப்புக் கல்லோடு. நாற்பத்தோரு ஆண்டுகளில் அந்த முனையைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. குறை சொல்லியிருந்தால் அவளும் ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். ஊறுகாய் ஜாடியின் மூடிமேல் பாரமாக இருந்த அந்தக் கல்லை எடுத்துக் கழுவினாள். தம்ளர் நீரில் இட்டு, ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்துக் கொண்டுவந்தாள்.

"என்னா அண்ணி அது?"

"கல்லு."

"கல்லா? வழக்கத்துலயே இல்லியே."

"நீங்க செத்த வெளில இருங்க தம்பி."

கல் நனைந்த நீரை அவருடைய உதட்டில் சொட்டவிட்டாள். கல்லை அவருடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். பிறகு காதருகே குனிந்தாள்.

"தண்ணி எறங்கிடுச்சிங்க. போய்ட்டு வாங்க."

பதினொரு மணியளவில் மூச்சு நின்றது. மண்தான் வேலை செய்தது என்றார் கோவிந்தசாமி. யாரும் மறுக்கவில்லை. வாய்க்கரிசி போடும்போது அவளுடைய மூடிய இடது கை ஒரு கணம் கோடித் துணிக்குள் சென்று வெறுங்கையாக மீண்டதையும் யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாம் நாள், சுடுகாட்டில் பால் தெளித்து, சாம்பலைக் கடலூரில் கடலில் கரைத்துவிட்டு மகன் திரும்பினான்.

"சாம்பல்ல ஒரு கல்லு கெடந்துச்சிம்மா. நம்ம ஜாடிக் கல்லு மாரியே. சித்தப்பா தூக்கிப் போடுன்னாரு. எனக்கு மனசு வரல. கலயத்துலயே போட்டு கரச்சிட்டேன்."

"எந்த எடத்துல?"

"தேவனாம்பட்டினத்துல."

"அங்க பாறை இருக்கா?"

"அங்க ஏதும்மா பாறை? வெறும் மணலு."



"தண்ணி ஏறிகிட்டு இருந்துச்சா, எறங்கிகிட்டு இருந்துச்சா?"

அவன் யோசித்தான். அதைப் பார்க்க அவனுக்குத் தோன்றியிருக்கவில்லை.

ஞானாம்பாள் சமையலறைக்குப் போனாள். சொம்பில் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, ஜாடியின் மூடிமேல், கல் இருந்த இடத்தில் வைத்தாள்.