மெட்டில்டாவின் மூக்கு

தன் வாயால்தான் ஒரு மனுஷன் படம் வரைவதையே விட்டுவிட்டார் என்று இருபத்திரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள் மெட்டில்டா.

அந்த மனுஷன் வேறு யாருமில்லை, அவள் புருஷன் அசரியா. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். சனி ஞாயிறு வந்தால் சிட்லபாக்கம் வீட்டின் முன்னறையில் ஸ்டாண்டை நிறுத்தி, ஆயில் பெயிண்டும் அதைக் கரைக்கிற டர்பன்டைனுமாக உட்கார்ந்துவிடுவார். 2002-இல் ஒருநாள் மெட்டில்டாவையே எதிரில் உட்காரவைத்து வரைந்தார். அவளோ பரீட்சைப் பேப்பர் கட்டு திருத்தாமல் கிடக்கிறதே என்ற கடுப்பில் இருந்தாள். படத்தைப் பார்த்ததும், "இது என் மூக்கா? உங்க அம்மா மூக்கைக் கொண்டுவந்து எனக்கு ஒட்டி வெச்சிருக்கீங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் பிரஷ்ஷைக் கழுவ எழுந்து போனார்.

மூன்றாம் நாள் அவளுக்கு மூச்சுத் திணறி, குரோம்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோமில் ஐந்து நாள் கிடந்தாள். சாக்பீஸ் தூள்தான் காரணம் என்று டாக்டர் சொன்னதாக அசரியா வந்து சொன்னார். வீடு திரும்பிப் பார்த்தால் முன்னறை காலி. ஸ்டாண்டும் இல்லை, டப்பாக்களும் இல்லை. மூக்குப் படம் மட்டும் பழைய போர்வையில் சுற்றி லாஃப்டில் ஏறியிருந்தது. கேட்டதற்கு, "ஆசை விட்டுப்போச்சு" என்றார். அதற்குப் பிறகு வீசிங் அவளைப் பெரிதாகப் படுத்தவில்லை. இன்ஹேலர் நல்ல இன்ஹேலர் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் மனசு கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்க வாய் வரைக்கும் வரும். கேட்டால் 'ஆமாம், அதனாலதான்' என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் திரும்ப உள்ளே போய்விடும். சர்ச்சில் பாவ அறிக்கை சொல்லும்போதெல்லாம் மற்றவர்களுக்கு என்னென்ன நினைவுக்கு வந்ததோ, அவளுக்கு அந்த மூக்குதான் வந்தது.

போன கிறிஸ்துமஸுக்குப் பொத்தேரியில் இருந்து வந்த மகள் ஜோவிதா, அப்பாவுக்கு ஒரு டேப்லெட்டும் பேனாவும் வாங்கி வந்தாள். அதில் படம் வரையும் ஆப் ஒன்று. பென்சிலைத் தொட்டால் பென்சில் போலவே சொரசொரப்பாகக் கோடு விழும். வாட்டர் கலர் என்றால் ஈரக் காகிதத்தில் ஊறுவது போல நிறம் பரவும். ஆயில் பெயிண்ட் என்றால் பிரஷ் மயிர் இழுத்த தடம்கூடத் தெரியும். தப்பாகப் போனால் இரண்டு விரலால் தட்டினால் போதும், கடைசியாகப் போட்டது போயே போய்விடும்.

ஆசை விட்டுப்போன மனுஷன் அதை இறுகப் பிடித்துக்கொண்டார். சாப்பிடக் கூப்பிட்டால் "இதோ" என்பார், அந்த இதோ முக்கால் மணி நேரம் நீளும். தோளில் ஒரு பழைய பனியன் துணியைப் போட்டுக்கொண்டு, நிறம் மாற்றும்போதெல்லாம் பேனா முனையை அதில் துடைப்பார்.

"அப்பா, அதுல பெயிண்டே கிடையாதுப்பா," என்று ஜோவிதா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள். "நீ என்னம்மா, அவர் எதைக் காட்டினாலும் நல்லாருக்கு நல்லாருக்குங்கற? பாத்துட்டுத்தான் சொல்றியா?"

மெட்டில்டா பார்க்காமல்தான் சொன்னாள். ஒரு தடவை பார்த்துச் சொன்னது போதும் என்றிருந்தது.

அவளுக்குப் புரியாத விஷயம் ஒன்று இருந்தது. பென்சிலோ வாட்டர் கலரோ எடுத்தால் அசரியா இருந்த இடத்திலேயே இருப்பார். "சரி, இன்னிக்கு ஆயில்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் மட்டும், எழுந்துபோய் படுக்கையறையின் இரண்டு ஜன்னலையும் திறந்துவிட்டு, ஹால் பக்கத்துக் கதவைச் சாத்திக்கொள்வார். ஏரிக்குப் பக்கத்து வீடு. ஐந்தரைக்கு மேல் ஜன்னல் திறந்திருந்தால் கொசு ஆளையே தூக்கிக்கொண்டு போய்விடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவளுக்குப் பொறுக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு ஜன்னலைச் சாத்தினாள். அடுத்ததற்குக் கையை நீட்டினாள்.

"அதைச் சாத்தாத மெட்டி, உனக்கு வீசிங் வந்துடும்," என்றார் அசரியா, படத்தில் இருந்து கண்ணை எடுக்காமல்.

"எதுல இருந்து?"

அவர் நிமிர்ந்தார். கையிலிருந்த பேனாவைப் பார்த்தார், டேப்லெட்டைப் பார்த்தார். அறையில் காலையில் துடைத்த ஃபினாயில் வாசனைகூட மிச்சமில்லை. முப்பத்தொரு வருஷம் வகுப்பறையில் பொய்யைப் பிடித்தவள் மெட்டில்டா. மாட்டிக்கொண்ட முகம் எது என்று அவளுக்குத் தெரியும்.

"டாக்டர் அன்னிக்கு என்ன சொன்னாரு?"

"சாக்பீஸ் தூள்னும் சொன்னாரு."

"சொன்னாருன்னா? வேற என்ன?"

"வீட்டுல டர்பன்டைன் கூடவே கூடாதுன்னாரு."

"மாடியில வெச்சு வரைஞ்சிருக்கலாமே."

"அந்த நெடி துணியோட உள்ள வரும். தலைமுடியில வரும். நீ பக்கத்துல படுக்கறவ."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விடமாட்ட. நீங்க வரைங்க, நான் வாசல்ல உக்காந்துக்கறேன்னு சொல்லுவ. போய் உக்காந்தும் இருப்ப."

உண்மைதான், உட்கார்ந்திருப்பாள். மெட்டில்டா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். முதலில் கோபம்தான் வந்தது. தன்னைக் கேட்காமல் இவ்வளவு பெரிய ஆசையை மூட்டை கட்டிப் போட இவர் யார் என்று. அதற்குப் பின்னாலேயே, நர்சிங் ஹோமில் ஆக்சிஜன் மாஸ்க்கை எடுத்த அன்றைக்கு வந்ததுபோல நெஞ்சு நிறைய மூச்சு வந்தது.

"அப்போ மூக்கு?" என்றாள்.

"எந்த மூக்கு?"

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை, நிஜமாகவே தெரியவில்லை அவருக்கு. அன்றைக்குச் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்படியா சொன்ன?" என்றார். "எங்கம்மா வீட்டுல இருந்தப்பவா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணிலும் தண்ணீர் வந்தது, முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

அசரியா டேப்லெட்டை அவள் பக்கம் திருப்பினார். நீலப் புடவையில் முப்பத்தெட்டு வயசு மெட்டில்டா. "லாஃப்ட்ல இருக்கறது பாதியில நின்னுபோச்சே, அதான் திரும்ப ஆரம்பிச்சேன்," என்றார்.

"நல்லா..." என்று பழக்கத்தில் ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். எழுந்து போய் ஹாலில் இருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் நின்று, புடவைக் கரையில் ஆரம்பித்து முகம் வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள்.

"மூக்கு சரியில்ல," என்றாள். "இன்னும் உங்க அம்மா மூக்குதான்."

அசரியா இரண்டு விரலால் நாலைந்து தடவை தட்டினார். மூக்கு காணாமல் போனது. "சரி, எப்படி இருக்கணும்?" என்று பேனாவைத் துணியில் துடைத்தார்.

மெட்டில்டா போய் இரண்டாவது ஜன்னலையும் சாத்தினாள். நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரில் போட்டு, மூக்கை விளக்குப் பக்கம் காட்டி உட்கார்ந்தாள்.