துருவேறாப் பட்டியில் சிவப்புப் புள்ளிகள்

துருப்பிடிக்காத உருக்கில் எப்படித் துருப்பிடிக்கும்? புவாத்துக்கு அது விளங்கவேயில்லை.

கொட்டாஞ்சேனையில் அவர் வீட்டுக் கொட்டிலில் ஒரு பழைய ஒஸ்டின் கார் நின்றது. அதன் இரு பக்கமும், முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை, விரலகலத்தில் ஒரு மினுக்குப் பட்டி. முலாம் பூசியதென்றால் முலாம் உரிந்து உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடிக்கலாம். இது முழுவதும் துருவேறா உருக்கு, உரிய ஒன்றுமில்லை. ஆனாலும் மிளகாய்த்தூள் சிந்தியது போலப் புள்ளிகள். தேய்த்தால் போகும், நாலைந்து நாளில் திரும்பி வரும்.

கார் அவருடையதல்ல. வெள்ளவத்தைச் சிநேகிதர் பூபாலசிங்கத்தின் அமானிதம். நம்பி விட்டதைத் தந்தபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சமாதான காலத்தின் கடைசியில், கிளிநொச்சியில் இருந்த தாயைப் பார்க்கப் புறப்பட்டபோது, புவாத்தை 'நானா' என்று அண்ணன் முறை வைத்து அழைக்கும் பூபாலசிங்கம் காரின் திறப்பை நீட்டினார். "ரெண்டு கிழமைதான் நானா. ஒரு கீறல் விழுந்தாலும் உங்களிட்டை ஒரு பெரிய சகன் தட்டு நிறையப் பிரியாணி வாங்கித் தின்னுவன்."

போர் மறுபடி மூண்டு வடக்குக்கான பாதை பூட்டப்பட்டது. இரண்டு வருடம் போனது. போன மாதம், ஷெல் விழுந்து அவர் இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. ஈமக் காரியங்கள் அங்கேயே முடிந்திருந்தன.

அவர் மனைவி நாகமணி தொலைபேசியில் கேட்டாள். "நானா, வாற ஞாயிறு முப்பத்தோராம் நாள், அந்தியேட்டி. முகத்துவாரக் கடலுக்குப் போகவேணும். கடைசியா முகத்தைக்கூடப் பாக்கேல்லை. அவரின்ரை காரிலை போனா அவரோடை போன மாதிரி இருக்கும். ஓடுமே?"

"ஓடும் தங்கச்சி. நான் கொண்டு வாரேன்."

ஓடும். ஆனால் இந்தப் புள்ளிகளோடா?

"கடல் காத்துதான். நம்மட ஜன்னல் கம்பியும் அப்பிடித்தானே ஈக்குது" என்றாள் மனைவி பைறோஸா, காரைக் காட்டி. "வெள்ளிக்கு வெள்ளி ரெண்டாம் பொண்டாட்டிக்குக் குளிப்பும் மினுக்கும். எனக்கு ஒருநாள் முதுகு தேச்சு விட்டீக்கிறீங்களா?"

எஞ்சினைப் பார்ப்பதற்காகக் காரை வெளியே தள்ளியபோதுதான் இடப்பக்கத்தைக் கண்டார். அந்தப் பக்கம் சுவரோடு ஒட்டி நின்றதால் இரண்டு வருடமாக அவர் கை அங்கே போனதில்லை. ஈரத்துணியால் தூசியைத் துடைத்தார். ஒரு புள்ளிகூட இல்லை.

கடல் காற்று இரண்டு பக்கமும் ஒன்றுதான். வலப்பக்கத்தில் மேலதிகமாகப் பட்டது அவர் கை மட்டும்.

ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் கையில், மெல்லிய இரும்பு இழைகளாலான இரும்புப் பஞ்சு இருந்தது. புவாத் மரத் தளபாடங்களுக்குப் பொலிஷ் போடுகிறவர். பலகையைத் தேய்க்கும் அதே பஞ்சால்தான் பட்டியையும் தேய்த்தார். பழைய வானொலிப் பெட்டியின் காந்தத்தை எடுத்து, வலப்பக்கப் பட்டியைத் துடைத்த துணியின் மேல் இழுத்தார். கறுப்பு மயிர்போல இரும்புத் துகள்கள் ஒட்டிக்கொண்டன. பட்டி துருப்பிடிக்கவில்லை. பஞ்சு போட்ட நுண்ணிய கீறல்களில் பதிந்த இரும்புதான் துருப்பிடித்தது. ஒவ்வொரு வெள்ளியும் பழைய துருவை எடுத்துவிட்டு, அடுத்த துருவுக்கு அவரே விதை போட்டிருக்கிறார்.

மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"நான் தொடாத பக்கந்தான் நல்லா ஈக்குது, பைறோஸா."

"அவருக்காகத்தானே செஞ்சீங்க."

"பூபாலன் அறிஞ்சா சிரிச்சே செத்திருப்பான்" என்றவர், சொன்ன வார்த்தை காதில் விழுந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். பைறோஸா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஞாயிறு காலை, புள்ளிகள் போன காரோடு அவர் வெள்ளவத்தைக்குப் போனபோது, நாகமணி கணவரின் வெள்ளைச் சேர்ட்டொன்றை நெஞ்சோடு அணைத்தபடி வாசலுக்கு வந்தாள். ஏறுவதற்குமுன் வலப்பக்கம் போய், பட்டியில் விரலை வைத்து முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை நடந்தாள். அழுதுகொண்டே கேட்டாள். "அவர் விட்டிட்டுப் போன மாதிரியே கிடக்கு. இனி நான் எப்பிடி நானா இதை வைச்சிருக்கிறது?"

"இரும்புப் பஞ்சு மட்டும் படக்கூடாது தங்கச்சி. புள்ளி வந்தா, தேசிக்காயைப் பிழிஞ்ச புளிச் சாத்துல துணிய நனைச்சு அரை மணித்தியாலம் அதுமேல போட்டு வைங்க. சாறு இரும்பைக் கரைச்சிரும். பொறகு நல்ல தண்ணியால கழுவி, ஈரமில்லாமத் துடைச்சு, பருத்தித் துணியில பொலிஷ் எடுத்து நீளவாக்கில தேய்ங்க. திரும்ப வராது."