இந்தத் தெருவின் கரக்டர்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கனடாவில், அஜக்ஸ் என்ற ஊரில் ஒரு தமிழ்க்கடைக்கு முன்னால், கார் நிறுத்துமிடத்தில் எனக்குக் கிடைத்தது. தந்தவர் அன்ரனெற் அக்கா. மீன் பையைக் காருக்குள் எறிந்துவிட்டு (வைக்கவில்லை, எறிந்தார்) என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீர் கதை எழுதுறனீர்தானே? இதை எழுதும்."

கேட்டு முடிந்ததும், "பேரை மாத்தவோ அக்கா?" என்றேன்.

"ஏன் மாத்த? என்ர மனுசன் மைக்கில பேரைச் சொல்லித்தானே பேசினவர்."

வீட்டுக்கு வந்து முதல் வசனத்தை எழுதினேன்: "விட்பிக்கு வடக்கே, உறைபனி மூடிய சோள வயல்களுக்கு அப்பால்..." அதோடு நிறுத்தினேன். நடந்தது மே மாதம். பனி எங்கே இருந்தது? வயலுக்கு மாட்டெரு கொட்டியிருந்தார்கள். தெரு முழுக்க அந்த நாற்றம்தான். கனடாக் கதை என்றால் பனி பெய்தாகவேண்டும் என்று கை தானாகவே போகிறது.

இரண்டாவது தொடக்கம்: "பஸ்ரியன் நல்ல மனிதர்."

இது பொய்யில்லை. ஆனால் இதை வைத்துக் கதையைத் தொடங்க எனக்கு இப்போது மனமில்லை.

2

பஸ்ரியனும் அன்ரனெற்றும் மன்னார்க்காரர். தொண்ணூறுகளில் அகதியாக வந்து, ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில், பேஸ்மன்றில், இன்னொரு குடும்பத்தோடு குடியிருந்தார்கள். நடுவில் ஒரு படுக்கைவிரிப்பைத் தொங்கவிட்டு அதைச் சுவர் என்று சொல்லிக்கொண்டார்கள். பஸ்ரியன் தொழிற்சாலையில் இரவு வேலை. அன்ரனெற் முதியோர் இல்லமொன்றில் வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றிவிடும் வேலை. பிள்ளைகள் படித்து வெளியேறிய பிறகு விட்பிக்கு வடக்கே ஒரு கிராமத்துத் தெருவில் வீடு வாங்கினார்கள். எதிரில் குதிரை மேயும் புல்வெளி. கிணற்றுத் தண்ணீர். கழிவு போக நிலத்துக்குள் புதைத்த தொட்டி. பஸ் இல்லை, நடைபாதை இல்லை.

வீடு விற்கும் முகவரிடம் பஸ்ரியன் ஒரேயொரு நிபந்தனைதான் வைத்தார்.

"தமிழாக்கள் இல்லாத இடமாப் பாரும்."

(முகவரும் தமிழர்தான். அவர் சிரித்தாராம். நான் சிரிக்கவில்லை.)

அன்ரனெற்றும் வீடு பார்க்கக் கூடவே போனாள். அவளுக்கும் அந்தப் புல்வெளி பிடித்திருந்தது. [நேரில் 'அக்கா', கதைக்குள் 'அவள்'. குறை நினைக்கவேண்டாம் அக்கா.]

இரண்டு வருடத்துக்குள் நாலு வீடு தள்ளி நவரட்ணம் என்றொருவர் வந்து சேர்ந்தார். பஸ்ரியனுக்கு முகம் கறுத்தது. நவரட்ணம் தன் பேஸ்மன்றைத் திருத்தி வாடகைக்கு விடப்போவதாகக் கேள்விப்பட்ட அன்ரனெற், தன் வேலையிடத்துக்குப் புதிதாக வந்த கஜனியை அங்கே கூட்டிக்கொண்டு போனாள். கஜனி, புருசன் கீதன், பாலர் வகுப்புக்குப் போகும் மகள். முன்பு இருந்த ஒரு வீட்டில் பிள்ளை சத்தம் போடுகிறது என்று குடியெழுப்பிவிட்டார்கள். அடுத்த வீட்டை உரிமையாளர் விற்றுவிட்டார். இனி எங்கே போவது என்று தெரியாமல் நின்ற குடும்பம். வந்து சேர்ந்தபின் ஒவ்வொரு காலையும் அன்ரனெற்றின் காரில்தான் கஜனி வேலைக்குப் போனாள்.

யாரோ முறைப்பாடு செய்தார்கள். அந்த வாடகைக் குடியிருப்புக்கு முறைப்படி அனுமதி கேட்கும்படி ஊர்ச்சபை நவரட்ணத்துக்குச் சொன்னது. கூட்டம் நடக்கும் என்று அறிவித்து வீட்டுக்கு முன்னால் பலகை நட்டார்கள்.

3

லின்டா நல்ல பெண். இதையும் எழுதவேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி. இவர்கள் குடிவந்த அன்றைக்கு அப்பிள் பை என்ற பணியாரம் சுட்டுக்கொண்டு வந்தவள். பலகை நட்ட வாரம் நாயோடு வந்து, வாசலில் நின்றபடியே பஸ்ரியனிடம் சொன்னாள் (ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்):

"எங்களுக்கு அந்தக் குடும்பத்தோடு ஒரு கோபமும் இல்லை. இந்தத் தெருவின் கரக்டர், இதன் தன்மை, கெட்டுவிடக்கூடாது, அவ்வளவுதான். நாங்கள் பேசினால் வேறுமாதிரி எடுப்பார்கள். நீங்கள் பேசினால் ஒருவரும் ஒன்றும் சொல்லமுடியாது, பஸ்ரியன்."

தன் பெயரை அவள் சரியாக உச்சரித்ததில் பஸ்ரியன் குளிர்ந்துபோனார். அந்தப் பின்னேரம் முழுக்கக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தார்.

"என்ன பேசப்போறியள்?" என்றாள் அன்ரனெற்.

"தொட்டி தாங்காது எண்டு சொல்லுவன். கார் கூடிப்போச்சு எண்டு சொல்லுவன். உள்ளதுதானே?"

"அந்தக் கஜனிப் பிள்ளையை நான்தான் அங்க கொண்டுபோய் விட்டனான்."

"ஆர் விடச் சொன்னது? ஸ்காபரோவை இஞ்சயும் கொண்டுவரவே நான் இவ்வளவு தூரம் வந்தனான்?"

"நாங்கள் எங்கயிருந்து வந்தனாங்கள்?"

"அதாலதான் சொல்லுறன். எனக்கு அது தெரியும்."

இந்த இடத்தில் பஸ்ரியனை விளங்கிக்கொள்ள நான் முயன்றேன். எழுத்தாளன் செய்யவேண்டிய வேலை அது என்று சொல்வார்கள். "வாழ்நாள் முழுக்க மற்றவர்களின் காலடிக்குக் கீழே படுத்த ஒருவன், கடைசியில் தனக்கென்று ஒரு துண்டு நிலம்..." வேண்டாம். அடித்துவிடுகிறேன். பேஸ்மன்றில் தொங்கிய அந்த விரிப்புக்கு இந்தப் பக்கம் படுத்த எல்லோரும் இப்படி ஆகவில்லை. அன்ரனெற்றும் அங்கேதான் படுத்தாள்.

4

கூட்டத்தை நான் முதலில் எழுதியது இப்படி:

"அன்ரனெற் எழுந்தாள். மண்டபம் அமைதியானது. 'என் கணவர் சொன்னதெல்லாம் பொய்' என்றாள்."

நல்லாயிருக்கிறது, இல்லையா? எனக்கும் பிடித்தது. அக்காவுக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"நான் எழும்பேல்லை."

"கதைக்காக அக்கா..."

"பொய் எழுதாதையும். நான் எழும்பேல்லை. போட்டிருந்த கோட்டைக் கழட்டி மடியில வைச்சுக்கொண்டு இருந்தனான். சபையில மனுசனை மறுத்துப் பேசக்கூடாது எண்டு வளர்த்துவிட்டிருக்கினம். கால் வரேல்லை, தம்பி. அந்த ஆத்திரத்தையும் சேர்த்து எழுதும்."

ஆகவே நடந்தது இதுதான். பஸ்ரியன் மைக்கைப் பிடித்துப் பெயரைச் சொன்னார். "நானும் அகதியாக வந்தவன்தான். ஆனால் எங்கே எப்படி வாழவேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது" என்றார். தெருவின் கரக்டர் என்றும் சொன்னார். கை தட்டினார்கள். நவரட்ணம் தொட்டி தாங்கும் என்று பொறியியலாளர் எழுதித் தந்ததை வாசித்தபோது யாரும் தட்டவில்லை. அன்ரனெற்றுக்கு முன்வரிசையில் இருந்த கஜனிக்கு அந்த ஆங்கிலம் முழுக்கப் பிடிபடவில்லை. 'அகதி' என்ற சொல் பிடிபட்டது. திரும்பி அன்ரனெற்றைப் பார்த்தாள். அன்ரனெற் குனிந்துகொண்டாள்.

அனுமதி இல்லை என்று முடிவானது.

மறுநாள் காலை அன்ரனெற் வழமைபோலக் கார் கொண்டுபோனாள். கஜனி ஏறினாள். பாதி வழியில் கேட்டாள்.

"அன்ரி, அங்கிளுக்கு நாங்கள் என்ன செய்தனாங்கள்?"



5

பஸ்ரியனின் வீட்டிலும் ஒரு பேஸ்மன்ற் இருக்கிறது. தோல் சோபா, சுவர் நிறைந்த ரீவி, மூலையில் மதுப்போத்தல்களை அடுக்கிய பார். நத்தார்ப் பண்டிகைக்குப் பிள்ளைகள் வந்தால் மட்டும் அங்கே விளக்கு எரியும்.

கஜனி குடும்பம் ஒஷாவாவில் வீடு தேடி அலைந்தது. ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்த அன்ரனெற், உடுப்பு மாற்றாமலே நவரட்ணம் வீட்டுக்குப் போய், கீதனோடு சேர்ந்து மெத்தைகளைக் காருக்குள் திணித்து, மூவரையும் தன் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். பஸ்ரியன் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"என்னப்பா இது?"

"ஆக்கள்."

"சட்டப்படி பிழை! சபை என்ன சொன்னது?"

"சபை சொன்னது வாடகை வீட்டுக்கு. இஞ்ச வாடகை இல்லை. என்ர குசினியில சமைப்பினம், என்ர மேசையில சாப்பிடுவினம். வீட்டுக்கு ஆக்கள் வந்து நிக்கிறதுக்கு ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை. நான் விசாரிச்சனான்."

"லின்டா என்ன நினைப்பா?"

அப்போதுதான் அன்ரனெற் கத்தினாள். இத்தனை வருடமும் கத்தாத பெண். எதிர்ப் புல்வெளியில் குதிரைகள் தலை தூக்கிப் பார்த்தனவாம்.

"நான் என்ன நினைக்கிறன் எண்டு ஒருநாளாவது கேட்டனீங்களே? வழியை விடுங்கோ!"

விட்டார்.

6

சில நாள் கழித்து லின்டா வந்தாள். பஸ்ரியன்தான் கதவைத் திறந்தார். அன்ரனெற் குசினியில் அடுப்பை அணைத்துவிட்டுக் காது கொடுத்தாள். கஜனியின் மகள் பேஸ்மன்ற் படியில் ஏறிவந்து அரைவழியில் நின்றாள்.

"கீழே யாரோ இருக்கிறார்கள் போலிருக்கிறதே, பஸ்ரியன்," என்றாள் லின்டா, அன்பாகத்தான். "யார் அவர்கள்?"

பஸ்ரியன் பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன்.

"என் சொந்தக்காரர்" என்று சொன்னதாக எழுதினால், பெருமூச்சு விட்டு அவரை மன்னித்துவிடுவீர்கள். "எனக்குத் தெரியாது, மனைவியைக் கேளுங்கள்" என்று எழுதினால், அவரைத் திட்டிவிட்டு உங்களை நல்லவர் என்று நினைத்துக்கொள்வீர்கள். இரண்டுக்கும் நான் வழிவிடப்போவதில்லை. உங்களுக்கும் விட்பியிலோ அஜக்ஸிலோ ஒரு வீடு இருக்கிறது. இல்லாவிட்டால் வாங்குவதற்குப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பஸ்ரியனை நகர்த்திவிட்டேன். இப்போது கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது நீங்கள். பிள்ளை உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். லின்டா இன்னும் போகவில்லை.

சொல்லுங்கள். யார் அவர்கள்?