நீண்டுபோன அறை

தொற்று வந்து தெருக்களை அடைத்திருந்த மாதங்களில், தையல்காரர் வீட்டில் மகளின் அறை நீள ஆரம்பித்தது. வெளிச்சுவர் இருந்த இடத்திலேயேதான் இருந்தது. பக்கத்து வீட்டாருக்கு ஓர் அங்குலம்கூட நட்டமில்லை. உள்ளே மட்டும், கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவே தரை வளர்ந்துகொண்டே போனது. காலையில் கொண்டுபோகும் டீ கட்டிலை எட்டுவதற்குள் ஆறிப்போகிறது என்று அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள். தையல்காரர் டேப்போடு உள்ளே போய், டேப் போதாமல் திரும்பி வந்தார். நனைத்தால் சுருங்கும் துணியைப் பார்த்திருக்கிறேன், இது என்ன எழவோ என்று முணுமுணுத்துவிட்டு முகக்கவசம் தைக்க உட்கார்ந்துவிட்டார்.

மகளுக்குப் பதினைந்து வயது. பள்ளி செல்போனுக்குள் போனதிலிருந்து வகுப்பில் அவள் பெயர் மட்டும் தெரியும், முகம் தெரியாது. தைத்ததைக் கொடுத்துவிட்டு அப்பா திரும்பும்போதெல்லாம், இருமுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பாள். ஒருநாள் அடுப்படிக்கு வந்து, "அம்மா, எனக்கு மூச்சு சரியா வருதான்னு பாரேன்" என்றாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா, குத்துக்கல்லாட்டம் இருக்கே, போய்ப் படி என்று விரட்டிவிட்டாள். மறுநாள்தான் டீ ஆறிப்போனது. தான் விரட்டியதை அம்மா புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

கட்டில் கண்ணுக்கு எட்டாத தூரம் போனதும் தையல்காரர் தன் தொழில் புத்தியைக் காட்டினார். நூலின் ஒரு முனையை மகளின் மணிக்கட்டில் கட்டி, மறுமுனையைக் கதவுக்கு வெளியே வைத்துக்கொண்டார். இங்கே இழுத்தால் அவள் அங்கே இழுக்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. இழுத்தார்கள், நூல் பதிலுக்கு இழுத்தது. இருவருக்கும் வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. சாப்பாட்டைக் கதவுக்கு உள்பக்கம் வைத்துவிட்டு வருவதோடு சரி. பெண் இருக்கிற இடமே தெரியவில்லை, தங்கம் என்று உறவுக்காரர்களிடம் போனில் பெருமை வேறு.

முந்தின நாள் வைத்த தட்டு மூடியபடியே கிடந்ததைப் பார்த்த மத்தியானம் அம்மா அறைக்குள் நுழைந்தாள். நூலைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். கால் கடுத்துப்போன பிறகு ஜன்னல் வந்தது. நூல் ஜன்னல் கதவில் கட்டியிருந்தது; இத்தனை நாளும் காற்றுதான் பதில் சொல்லியிருக்கிறது. மகள் கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில், பாதியாக இளைத்துச் சுருண்டிருந்தாள். ஏன் கழற்றினாய் என்று அம்மா அழுதுகொண்டே கேட்டாள்.

"இழுக்கலன்னா நீங்க பயந்துடுவீங்கம்மா. இழுக்க எனக்குத் தெம்பில்ல."

அம்மா எழுந்திரு என்று சொல்லவில்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டு, "எனக்கும் பயமாத்தான் இருக்குடி" என்றாள். தேடிக்கொண்டு வந்த தையல்காரரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். தெருக்கள் திறக்கும்வரை மூவரும் அந்தக் கோடியில்தான் குடியிருந்தார்கள்.

பள்ளி திறந்தது, அறை சுருங்கவில்லை. பார்க்க வந்த டாக்டரம்மா அசராமல் நடந்து போய்த் திரும்பினார். இந்தத் தெருவிலேயே இப்படி இன்னும் சில அறைகள் இருக்கின்றன, கூட நடக்க ஆள் இருந்தால் போதும் என்றார். மகள் பள்ளிக்குப் போகத் தினமும் சீக்கிரமே கட்டிலைவிட்டுக் கிளம்புகிறாள். சில காலைகளில் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிடுகிறாள். அன்றைக்கெல்லாம் அம்மா தண்ணீரை எடுத்துக்கொண்டு உள்ளே நடக்கிறாள். தையல்காரர் பள்ளிக்கு போன் போடுகிறார்.

"பொண்ணு வந்துட்டுதான் இருக்கா டீச்சர். இன்னும் ரூமத் தாண்டல."

டீச்சரும் சரி என்று சொல்லி போனை வைத்துவிடுகிறார்.